எல்லோருக்கும் அட்டை போட்ட அப்பா

இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலரை எனக்குப் பிடிக்காமல் இருந்தது. அப்பாவின் முப்பத்தோராம் நாள் மலரில் இப்படித் தொடங்கக் கூடாது என்று அம்மா தடுத்தார். "செத்தவீட்டுப் புத்தகத்திலை ஆரும் உப்பிடி எழுதுவினமே?" என்று கேட்டார். ஆனால் அப்பாவைப் பற்றி எழுதுவதென்றால் உண்மையை எழுத வேண்டும். அவருடைய ஒரே பிள்ளையான நான், இருபது ஆண்டுகளாக உங்கள் மேல் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன். பொறுத்துக்கொண்டு வாசியுங்கள். கடைசியில் நன்றியும் சொல்லியிருக்கிறேன்.

அப்பா கரவெட்டியில் ஒரு தபால் அதிபரின் நான்காவது பிள்ளையாகப் பிறந்தார். ஊரில் அவரைப் படிப்பில் கெட்டிக்காரர் என்பார்கள். அவரோ அதிர்ஷ்டக்காரன் என்றுதான் தன்னைச் சொல்வார். மருத்துவம் படித்துத் தேறி, ஒரு சிறிய வைத்தியசாலையில் வேலைக்குச் சேர்ந்தார். போர்க்காலத்தில் அங்கே மின்சாரமும் மருந்தும் ஒன்றாகவே நின்றுபோகும். அப்படிப்பட்ட நாட்களில் நோயாளியிடம் இருந்து கதைப்பது ஒன்றுதான் கைவசம் இருந்தது என்றும், அதில் பாதிப்பேர் தேறினார்கள் என்றும் சொல்வார். அம்மாவை மணந்த ஆண்டிலேயே இடம்பெயர்வு. இருவரும் உயிர் தப்பினார்கள். அப்பாவின் சான்றிதழ்கள் தப்பவில்லை.

ஜெர்மனியில் வைத்தியராக வேலை செய்வதற்கான அனுமதியை அப்ரோபாட்சியோன் என்பார்கள். நான் அம்மா என்ற சொல்லுக்கு அடுத்ததாக அதைத்தான் பழகினேன் என்று வீட்டில் பகிடி பண்ணுவார்கள். அப்பா விண்ணப்பம் எழுதுவார். மூலப்பிரதி இருக்கிறதா என்று பதில் வரும். எரிந்துபோனது என்று எழுதுவார். அப்படியானால் எரிந்ததற்கு அத்தாட்சி உண்டா என்று பதில் வரும். பத்து ஆண்டுகள் டோர்ட்மண்டில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் பாத்திரம் கழுவினார். பிறகு ஒரு நாள் அந்தக் கடிதங்களையெல்லாம் ஒரு கட்டாகக் கட்டி அலுமாரியின் மேல் போட்டுவிட்டு, நாற்பத்திரண்டு வயதில், பதினேழு வயதுப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து நூலக வேலைக்கான அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி படித்தார். அதன் பின் ஓய்வு பெறும் வரை, பெற்ற பின்னும், நகரின் வடக்குப் பக்கத்துக் கிளை நூலகம்தான் அவருக்கு எல்லாம். அங்கே தமிழ்ப் புத்தகங்களுக்கு ஒரு தட்டு உண்டாக்கியதும் அவர்தான்.

இனித்தான் அட்டைகளின் கதை.

உங்களில் அவரிடம் புத்தகம் எடுத்தவர்களுக்குத் தெரியும். முதல் நாள் அவர் புத்தகம் தர மாட்டார். "என்ன செய்யுது?" என்று கேட்பார். ஊர் வைத்தியசாலையில் கேட்ட அதே கேள்வி. நீங்களும் சொல்வீர்கள். நித்திரை வருவதில்லை, மகன் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை, ஜெர்மன் கடிதத்தைக் கண்டால் கை நடுங்குகிறது. அப்பா ஒரு அட்டையை எடுத்து உங்கள் வருத்தத்தைத் தலைப்பாக எழுதுவார். எங்கள் பேச்சில் நோயும் வருத்தம்தானே. உங்கள் பெயர் வலது மூலையில் பொடி எழுத்தில் இருக்கும். கீழே அவர் தந்த புத்தகம், திரும்ப வர வேண்டிய நாள், எப்படி இருக்கிறது என்ற குறிப்பு. சுகம் வந்துவிட்டால் கத்தரிக்கோலால் அட்டையின் இடது மூலையை வெட்டிவிடுவார்.

நூலகத்தில் அட்டைகளை வைக்க மேலதிகாரி விடவில்லை. ஆட்களின் சொந்த விசயங்களை அப்படி எழுதி வைப்பது சட்டப்படி பிழை என்றார். அதனால் அவை சப்பாத்துப் பெட்டிகளில் எங்கள் வீட்டுக்கு வந்தன. வீட்டில் வெறுஞ்சுவர் இருந்தது என் அறையில் மட்டும். ஆகவே நான் உங்கள் எல்லோருடைய வருத்தங்களுக்கும் பக்கத்தில் படுத்துத்தான் வளர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா என் அறைக்குள் வருவார். என்னைப் பார்க்க வருகிறார் என்று எழும்பி இருப்பேன். அவர் ஒரு பெட்டியைத் திறந்து அட்டையை எடுத்துக்கொண்டு போய், "பவளம், இப்ப நித்திரை வருதோ?" என்று தொலைபேசியில் கேட்பார்.

பவளக்கா இங்கே அலுவலகங்களைச் சுத்தம் செய்யும் வேலை பார்ப்பவர். தங்கமான மனுசி. அப்போது எனக்கு அவருடைய பெயரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

உங்களைவிட எனக்குப் பெரிய எதிரி ஒருவர் இருந்தார். நூலகம் கழித்துவிட்ட ஆங்கிலப் புத்தகங்களில் ஒன்றை அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்தார். பெரிய மனிதர்களின் வாழ்க்கைக் குறிப்புகள் அடங்கிய தடித்த புத்தகம். அதில் பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேயர் ஒருவர். ஊரில் வைத்தியம் பார்த்து, பிறகு இலண்டனுக்குப் போய், வைத்தியத்தை விட்டு ஒரு நூலகத்தின் பொறுப்பாளராகவே காலத்தைக் கழித்தவர். அவர் பெயரை எழுத மாட்டேன். எங்கள் வீட்டில் அது போதிய அளவு உச்சரிக்கப்பட்டுவிட்டது. அப்பா அவரை "எங்கடை ஆள்" என்பார். எங்கடை ஆளும் புத்தகப் பட்டியல் எழுதினவர், எங்கடை ஆளுக்கும் ஒரு மகள், எங்கடை ஆளுக்கும் நோயாளியளைவிடப் புத்தகம்தான் கூட வந்தது என்று சாப்பாட்டு மேசையில் புதினம் சொல்வார். "மருமோனைக் கொண்டாடுற மாதிரியெல்லோ அவனைக் கொண்டாடுறியள்" என்று அம்மா சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகச் செத்துக் கிடக்கும் ஒரு வெள்ளைக்காரர் என் அப்பாவிடம் என்னைவிட அதிகம் கதைத்துக்கொண்டிருந்தார்.

பதினைந்து வயதில் ஒரு நாள் பள்ளிக்கூடம் முடிந்து நேரே நூலகத்துக்குப் போனேன். வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும், "எனக்கும் ஒரு அட்டை போடுங்கோ" என்றேன்.

அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "உனக்கு என்னத்துக்குப் பிள்ளை அட்டை? நீ வீட்டுப்பிள்ளையெல்லே."

எனக்குப் பின்னால் நின்ற ஒரு ஐயாவும் சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கிளப்பியது. "உங்கடை ஆளுக்கும் ஒரு மகள் எண்டு சொன்னீங்கள். அவள் என்ன ஆனாள்?" என்று கேட்டேன்.

அப்பா கண்ணாடியைத் திரும்ப மாட்டினார். "புத்தகத்திலை அதைப் பற்றி ஒண்டும் எழுதேல்லை" என்றார்.

"பாத்தீங்களோ" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அதற்குப் பிறகு நானும் கேட்கவில்லை. அவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

நான் மருந்தியல் படித்ததும் அப்பாவின் கவனத்தை என் பக்கம் இழுக்கத்தான். கவனம் வந்தது. பவளக்காவின் தலைச்சுற்று மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன் எடுப்பதா பின் எடுப்பதா என்று கேட்பதற்காக.

இந்தக் குளிர்காலத்தில் அப்பாவின் இருதயம் களைத்துவிட்டது. வைத்தியசாலையில் அவரைப் பார்க்க வந்தவர்களைக் கண்டு தாதியர் திகைத்தார்கள். கதவுக்கு வெளியே கதிரை போதாமல் நின்றீர்கள். பத்து நிமிடத்துக்கு மேல் கதைக்க விட வேண்டாம் என்று வைத்தியர் சொன்னார். அந்தப் பத்து நிமிடங்களை நீங்களே பங்கு போட்டு எடுத்தீர்கள். எனக்கு மிஞ்சியது அவர் நித்திரையாகும் நேரம். ஒரு பின்னேரம் கண்ணைத் திறந்து என் கையைப் பிடித்தார். நான் குனிந்தேன். "பெட்டியளைக் கவனமாய் வைச்சிரு, பிள்ளை" என்றார். கடைசியாகவும் பெட்டிகள்தான். அடுத்த நாள் விடிய அப்பா எங்களை விட்டுப் போய்விட்டார்.

எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவு முடிந்த பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் வளர்ந்த அந்த அறையில் பெட்டிகளை இறக்கி வைத்தேன். எனக்கு ஒரு விசயம்தான் தெரிய வேண்டியிருந்தது. அவரிடம் என் பெயரில் ஒரு அட்டை இருந்ததா, இல்லையா. அவ்வளவுதான். உங்கள் வருத்தங்களை வாசிக்காமல், வலது மூலைகளை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன். இடையில் மூன்று அட்டைகளை முழுதாக வாசித்துவிட்டேன். அந்த மூன்று பேரும் மன்னிக்க வேண்டும், யாரென்று சொல்ல மாட்டேன். எல்லாப் பெட்டியும் முடிந்தது. என் பெயர் எங்கேயும் இல்லை.

எனக்கு வந்த கோபத்தை எழுதினால் மலருக்கு அழகில்லை. அந்த நேரம் பார்த்துப் பவளக்கா இடியப்பத்தோடு வந்தார். தரையெல்லாம் பெட்டிகள், நடுவில் நான். விசயத்தைச் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"பேரைப் பாத்துத் தேட ஏலாது, தங்கச்சி" என்றார் பவளக்கா. "டொக்டர் அண்ணை வருத்தத்தைப் பாத்துத்தான் அடுக்கிறவர். ஒரே வீட்டு ஆக்களுக்கு முழுப்பேர் எழுதவும் மாட்டார், கூப்பிடுற பேர்தான் போடுவார். உங்களுக்கு என்ன வருத்தம்?"

அப்பாவின் ஒழுங்கு அவருக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. அதற்கும் பொறாமைப்பட்டேன். அப்படிப் பட்டுக்கொண்டிருக்கும்போதே எந்தப் பெட்டியில் பார்க்க வேண்டும் என்று விளங்கிவிட்டது.

பகர வரிசைப் பெட்டியின் கடைசியில் இருந்தது. தலைப்பு: பொறாமை. வலது மூலையில், பிள்ளை. அதன் கீழே: "வயது பதினைந்து. காரணம்: நான். மருந்து: கேட்ட கேள்விக்குப் பதில். எங்கடை ஆளின் மகள் என்ன ஆனாள்?"

பிறகு இரண்டு பக்கமும் நிறைய, ஒட்டிய துண்டுகளும் நிறைய, அப்பா எழுதிய கடிதங்களின் விபரம். ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ. இலண்டனில் ஒரு நூலகம்: தகவல் இல்லை. எங்கடை ஆள் முதலில் வைத்தியம் பார்த்த ஊரின் தேவாலயம்: ஞானஸ்நானப் பதிவு உண்டு, பெயர் கிடைத்தது. இன்னொரு தேவாலயம்: திருமணப் பதிவு இல்லை. ஒரு பேராசிரியர்: பதில் இல்லை, மறுபடி எழுத வேண்டும். எழுதியிருக்கிறார். கடைசி வரி வைத்தியசாலைக்குப் போவதற்குச் சில நாட்கள் முன்னர் எழுதியதாக இருக்க வேண்டும், எழுத்து நடுங்குகிறது. "இன்னும் தெரியவில்லை. தெரியாமல் பிள்ளையிடம் என்னவென்று சொல்வது?"

பவளக்கா வாசித்துவிட்டு அட்டையை என் மடியில் வைத்தார். இடியப்பத்தை மூடி வைத்துவிட்டு என் பக்கத்தில் தரையில் இருந்தார்.

நான் அழுதேன் என்பது உங்களுக்குச் சொல்லாமலே விளங்கும். அழுது முடியக் கோபமும் வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். இருபது ஆண்டுகள் இங்கிலாந்து முழுக்கக் கடிதம் எழுதியவர், அடுத்த அறையில் இருந்த என்னிடம் வந்து ஒரு நாள் கட்டிலில் இருந்திருக்கலாம். "என்ன செய்யுது?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அப்பாவுக்கு அது வரவில்லை. கேள்வி கேட்டவருக்குப் பதில் தேடிக் கொடுப்பதுதான் அவருக்கு வந்தது. இப்போது உங்கள் ஒருவர் மேலும் எனக்குப் பொறாமை இல்லை. முழுப் பொறாமையும் அந்த ஆங்கில வைத்தியரின் மகள் மேல்தான். அவளை என் அப்பா இருபது ஆண்டுகள் தேடியிருக்கிறார்.

அப்பா நோயுற்றிருந்தபோது கவனித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், கிரியைகளை முறைப்படி நடத்திய ஐயருக்கும், எட்டு நாளும் எங்கள் வீட்டு அடுப்புக்கு வேலை வைக்காத அயலவருக்கும், மண்டபத்தில் வேலை செய்தவர்களுக்கும், ஸ்டுட்கார்ட்டிலும் ஹம்பேர்க்கிலும் இருந்து ரயிலில் வந்த உறவுகளுக்கும், அப்பாவின் மேசையில் இன்னும் பூ வைக்கும் நூலக நண்பர்களுக்கும் அம்மாவும் நானும் நன்றி சொல்கிறோம். பவளக்காவுக்கு நன்றி சொன்னால் ஏசுவார், ஏசட்டும்.

உங்கள் அட்டைகள் மண்டப வாசலில் உறைகளில் இருக்கின்றன. ஒட்டித்தான் வைத்திருக்கிறேன். அவை உங்களுக்கும் அப்பாவுக்கும் இடையில் உள்ளவை, எடுத்துச் செல்லுங்கள். மூலை வெட்டப்படாதவர்கள் வீட்டுக்கு வாருங்கள், தேத்தண்ணி குடித்துக் கதைக்கலாம்.

என் அட்டை என்னிடம் இருக்கிறது. போன கிழமை அந்தப் பேராசிரியருக்கு மூன்றாவது தடவையாக எழுதி, விபரத்தை அப்பாவின் கடைசி வரிக்குக் கீழே குறித்து வைத்தேன். மூலையை வெட்டவில்லை. எனக்கு இன்னும் சுகம் வரவில்லை, அப்பா.