திரைக்குப் பின்னால் ஒலித்த கட்டைகள்

என் மேசையில் இரண்டு மரக்கட்டைகள் இருக்கின்றன. ஒரு சாண் நீளம், கட்டைவிரல் பருமன். உடைந்த கட்டில் காலைச் செதுக்கி அக்காவே செய்துகொண்டவை. கியூபா நாட்டு ரும்பா ஆட்டம் இவற்றின் ஒலியைப் பிடித்துத்தான் நிற்கும்: மூன்று தட்டு, ஒரு மூச்சு, இரண்டு தட்டு. பாடகர் எப்படி இழுத்தாலும், மத்தளம் எங்கே அலைந்தாலும் இது மாறக்கூடாது.

அக்கா இங்கே பர்மாவில், பபேடான் பேட்டையில் தையல் வேலை செய்கிறாள். நாலாம் வகுப்போடு அவளை நிறுத்திவிட்டுத்தான் என்னைப் படிக்க வைத்தார்கள். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதில் எனக்குக் கர்வம் உண்டு, மறைக்க மாட்டேன். பக்கத்துப் பேட்டையான கியாக்டடாவில் ஒரு மாடியில் பயிற்சி செய்த நடனக் குழுவுக்குப் பாவாடை தைக்க அளவெடுக்கப் போனவள், கேட்டுக் கேட்டே அந்தத் தாளத்தைக் கையில் ஏற்றிக்கொண்டாள். பர்மியப் பாட்டுக்குத் தட்டிப் பழகிய மற்றவர்கள் சற்று நேரத்திலேயே அதைச் சமமாக்கிவிடுவார்கள். அக்காவின் கை பிசகாது. அதனால் குழுவில் கட்டை அடிப்பது அவள் வேலையானது.

மேடையேறும் நாளுக்காகத் தனக்கும் ஒரு சிவப்புப் பாவாடை தைத்திருந்தாள். இரண்டு நாள் முன்பு, குழுவின் ஆசிரியர், நாங்கள் சயா என்று அழைப்பவர், அவளைக் கூப்பிட்டார். அவருடைய தாயும் தமிழ்ப் பெண்தான்.

"நீ திரைக்குப் பின்னாடி இருந்து அடிம்மா. முன்னாடி வெள்ளையா ஒரு பொண்ணு சும்மா கட்டையப் பிடிச்சுக்கிட்டு நிக்கட்டும். உன் சத்தம்தானே வேணும்."

நிகழ்ச்சி நிரலிலும் அந்தப் பெண்ணின் பெயரைப் போடச் சொன்னார். தட்டச்சு செய்து கொடுத்தது நான். அத்தனை வருடப் படிப்பும் அன்றைக்குச் செய்த வேலை அதுதான்.

நிகழ்ச்சியன்று முன்வரிசையில் அம்மா, "அக்கா எங்கடி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மேடையில் அந்தப் பெண்ணின் கட்டைகள் ஒன்றையொன்று தொடாமல், ஒரே சீராக, தப்புத் தப்பாக ஆடின. ஒலியில் மட்டும் ஒரு பிழையும் இல்லை. ஏன் பாதியில் நிறுத்தவில்லை என்று வீட்டுக்கு வந்து அக்காவிடம் கத்தினேன்.

"ஆடுறவங்க கால் என்னடி பண்ணுச்சு?" என்றாள்.

அந்தப் பெருந்தன்மை மீதும் எனக்குக் கோபம். என் மீது அதைவிட.

போன வாரம் சயா தொலைபேசியில் அழைத்தார். அடுத்த நிகழ்ச்சிக்கும் அக்கா பழையபடியே வந்து அடிக்க வேண்டுமாம், நிரலை நானே தயாரிக்க வேண்டுமாம். அக்காவிடம் சொன்னேன். ஊசியில் நூல் கோத்தபடி, "திரைக்கு எத்தன கெஜம் வேணும்னு கேளு, தைச்சுத் தரேன்" என்று சிரித்தாள். ஆனால் மறுநாள் காலை கட்டைகளை எண்ணெய் தடவித் துடைத்து என் மேசையில் வைத்திருந்தாள்.

நிரலைத் தயாரித்துவிட்டேன். முதல் வரியில் அக்காவின் பெயர். இந்தப் பெயருக்கு உரியவள் மேடையில் நிற்கவில்லை என்றால் ஒலியும் வராது என்று கீழே எழுதி, அவளுக்குப் படித்துக் காட்டினேன். எதையும் மாற்றச் சொல்லவில்லை. சயாவுக்கு அனுப்பினேன். இன்னும் பதில் இல்லை. என்னிடம் உள்ள பிரதி மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்க, கட்டைகளை அதன்மேல் வைத்திருக்கிறேன்.