வாய்க்காலில் எழுந்த பேய்

என் மாமாவின் மகள், அதாவது என் மச்சாள், தன் பதினேழாவது வயதில் ஒரு பேய்ப்படம் எடுத்தாள். அதற்கு ஒளிப்பதிவு செய்தது நான். அப்போது எனக்குப் பத்து வயது. அந்தப் பதவி திறமையால் கிடைத்தது என்று சொல்ல முடியாது. கதை சொல்லவும் புகை போடவும் மச்சாள் வேண்டும், பேயாக நடிக்க நிரோஜா அக்கா வேண்டும். மிஞ்சியது நான் ஒருத்திதான்.

நெடுங்கேணியிலிருந்து உள்ளே வந்து, காடு தொடங்குவதற்குச் சற்று முன்னால் எங்கள் ஊர். சனிக்கிழமைகளில் அம்மா வயலுக்குப் போனதும் மச்சாள் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். போனுக்குக் காசும் படமும் போட்டுத்தரும் கொம்யூனிகேசன் கடையில் கேட்டு வாங்கிய பேய்ப்படங்கள் அவளுடைய போனில் இருக்கும். பட்டப்பகலில் பேய் பார்த்தால் பயம் வராது என்பதால், யன்னல்களுக்குப் போர்வையைக் கட்டி அறையை இருட்டாக்குவோம். அடுத்த வளவு நிரோஜா அக்கா வேலிப் பொட்டால் நுழைந்து வருவாள். மூன்று பேரும் ஒரே பாயில் நெருக்கியடித்துக்கொண்டு படுத்துக் கிடந்து பார்ப்போம். நான் முக்கால்வாசி நேரம் தலையணைக்குள் இருப்பேன்.

எல்லாப் படமும் ஏறத்தாழ ஒரே கதைதான். பள்ளிக்கூடத்தில் படிக்கும் ஒரு பிள்ளையைச் சில பொடியன்கள் ஏதோ செய்துவிடுவார்கள். அவள் கிணற்றிலோ குளத்திலோ விழுந்து செத்துப்போவாள். பிறகு ஈரத் தலைமயிரோடு எழும்பி வந்து ஒவ்வொருத்தனாகப் பழிவாங்குவாள். அந்தப் பொடியன்கள் கத்திக்கொண்டு ஓடும்போது மச்சாள் பாயில் கையால் அடித்துச் சிரிப்பாள். நிரோஜா அக்கா மட்டும் சிரிக்கமாட்டாள்.

அவள் அந்த நாட்களில் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தியிருந்தாள். சந்தியில் சிவப்பு மோட்டார் சைக்கிளோடு எப்போதும் நிற்கும் ஒருவன், ரியூசனுக்குப் போகும் பிள்ளைகளைப் போனில் படமெடுப்பான். அரிசி ஆலைக்காரரின் மகன். நிரோஜா அக்காவின் படத்தை யாரோ ஒரு ஆளின் படத்தோடு ஒட்டி, இருவரும் சோடி என்று எழுதி, முகநூலில் போட்டுவிட்டார்கள். செய்தது அவன்தான் என்று ஊருக்கே தெரியும். ஆனால் பொய்ப்பெயரில் போட்டதால் யாராலும் நிரூபிக்க முடியவில்லை. அவளுடைய அப்பா நல்ல மனிதர்தான். நல்ல மனிதர் என்பதாலோ என்னவோ, மகளை வீட்டோடு வைத்துக்கொள்வதே பாதுகாப்பு என்று முடிவெடுத்துவிட்டார்.

ஒருநாள் பேய் மூன்றாவது பொடியனைப் பனைமர உயரத்துக்குத் தூக்கிக்கொண்டிருந்தபோது நிரோஜா அக்கா சொன்னாள்.

“இவள் இதைச் சாகமுதலே செய்திருக்கலாம் தானே.”

“அப்பிடிச் செய்தால் படம் பத்து நிமிசத்தில முடிஞ்சிடுமடி,” என்றாள் மச்சாள்.

“முடியட்டுமன். எல்லாப் படத்திலயும் முதல் அவள்தான் சாகிறாள். பிழை செய்தவங்கள் சாகிறது கடைசியிலதான்.”

மச்சாள் போனை நிறுத்தினாள். “நாங்கள் ஒரு படம் எடுப்பம்,” என்றாள்.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் வயற்கரை வாய்க்காலடிக்குப் போனோம். ஒரு பக்கம் வயல், மறுபக்கம் கிரவல் பாதை, அதற்கப்பால் பற்றைக் காடு. நிரோஜா அக்கா மச்சாளின் பழைய வெள்ளைப் பாவாடை சட்டையைப் போட்டிருந்தாள். முகத்துக்குக் கோதுமை மா. கண்ணைச் சுற்றிக் கரி. தலைமயிரை அவிழ்த்துத் தண்ணீர் ஊற்றியதும் நான் நாலடி பின்னால் போய்விட்டேன். ஆள் யார் என்று தெரிந்தும் அவளுக்குப் பக்கத்தில் நிற்க நான் மறுத்துவிட்டேன். அதை மச்சாள் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டாள்.

போனை என் கையில் தந்து, பாலை மரத்தடியில் என்னை இருத்தினாள். “என்ன நடந்தாலும் நிப்பாட்டக் கூடாது. கை ஆடக் கூடாது. நிப்பாட்டினியோ, இனி உனக்குப் படம் காட்டமாட்டன்,” என்று எச்சரித்துவிட்டு, ஈர வைக்கோலைக் கொளுத்திப் புகை எழுப்பப் பற்றைக்குப் பின்னால் போனாள்.

நிரோஜா அக்கா முழங்கால் தண்ணீரில் குனிந்து நின்றாள். மச்சாள் கைகாட்டியதும் மெல்ல நிமிர வேண்டும். புகை எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்தது. வாய்க்காலை மூடிப் பாதைக்கும் பரவியது. மச்சாள் கையைக் காட்டினாள். அந்த நேரம் பார்த்துத்தான் அந்தச் சிவப்பு மோட்டார் சைக்கிள் வந்தது.

அவன் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறு கையில் போனைப் பார்த்தபடி வந்தான். புகைக்குள் நுழைந்து தலையை நிமிர்த்தினான். முன்னால், தண்ணீருக்குள்ளிருந்து, வெள்ளை உடுப்போடு ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது.

“ஐயோ, அம்மா,” என்று அவன் கத்திய சத்தத்தில் வயலில் நின்ற கொக்குகள் எல்லாம் பறந்தன. சைக்கிள் ஒரு பக்கம் விழ, அவன் மறுபக்கமாக வாய்க்கால் சேற்றில் விழுந்தான். அவன் எழும்ப முயன்று வழுக்கி, திரும்ப விழுந்து, நாலு காலில் கரையேறி, வாய்க்குள் ஏதோ சாமியின் பெயரைச் சொல்லிக்கொண்டு பின்பக்கமாக ஊர்ந்தான். அவனைப் பார்த்துப் பயந்து பிள்ளைகள் சுற்றுப்பாதையால் போவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அது எப்படி என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

சிரிப்பை அடக்க முடியாமல் மச்சாள் பற்றைக்குள் இருமினாள். அந்த இருமலில் எல்லாம் கெட்டது. அவன் உற்றுப் பார்த்தான். ஆளை அடையாளம் கண்டதும் அவனுடைய பயம் அப்படியே கோபமாக மாறியது.

“நீயோடி? ஒரு படம் போட்டதுக்கே வீட்டுக்குள்ள போய் ஒளிச்சுக் கிடந்தனீ. இப்ப என்னைப் பயப்பிடுத்தப் பாக்கிறியோ? நில், இந்தக் கோலத்தையும் எடுத்துப் போடுறன்.”

நிரோஜா அக்கா ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் குனிந்து, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி முகத்தைக் கழுவினாள். மா கரைந்து வழிந்தது. பாவாடை நுனியால் கரியையும் துடைத்தாள். பிறகு தண்ணீரை விலத்திக்கொண்டு நேராக அவனிடம் நடந்தாள்.

“அப்ப முந்திப் போட்டதும் நீதானே?”

“ஓம், நான்தான் போட்டனான். என்ன செய்வாய்?”

“ஒண்டும் செய்யமாட்டன். இப்ப முகம் கழுவிப்போட்டன். வடிவா எடு.”

அவன் காற்சட்டைப் பைகளைத் தட்டினான். சட்டைப் பையைத் தட்டினான். அவனுடைய போன் வாய்க்கால் சேற்றுக்குள் எங்கோ கிடந்தது. அவள் அசையாமல் அவன் முன்னால் நின்றாள். அவன் பார்வையை வேறெங்கோ திருப்பியபோதுதான் மரத்தடியில் என்னைக் கண்டான்.

“எடி, அங்க என்ன எடுக்கிறாய்?”

கேட்டவர்களுக்கு மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குப் பழக்கியிருந்தார்கள். “பேய்ப்படம்,” என்றேன்.

அவன் என்னை நோக்கி இரண்டடி வைத்தான். நிரோஜா அக்கா குறுக்கே வந்து நின்றாள். புகைந்துகொண்டிருந்த தடியோடு மச்சாளும் பற்றைக்குள்ளிருந்து வெளியே வந்தாள். அவன் சேற்றிலிருந்து சைக்கிளை இழுத்தெடுத்து உதைத்துப் பார்த்தான். அது கிளம்பவில்லை. தள்ளிக்கொண்டே போனான். வளைவு திரும்பும்வரை நான் எடுத்தேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு அழுகை. பேய் முகத்தைக் கழுவிவிட்டது, ஒருத்தருமே சாகவில்லை, படம் பழுதாகிவிட்டது. ஆனால் மச்சாள் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். அவனுடைய குரல் ஒரு சொல் குறையாமல் பதிவாகியிருந்தது.

“இதை என்ன செய்வம்?” என்று அவள் நிரோஜா அக்காவைக் கேட்டாள். “நீ சொல்லுறதைத்தான் செய்வன்.”

“போடுவம். இந்த முறை என்ர படத்தை நானே போடுறன்.”

அடுத்த ஞாயிறு மாதர் சங்கத்தின் ஒன்றுகூடல் பொதுநோக்கு மண்டபத்தில் நடந்தது. பிள்ளைகளின் பாட்டுக்கும் பேச்சுக்கும் பிறகு குறும்படம் ஒன்று காட்டப்படும் என்று அறிவித்தார்கள். முன் கதிரையில் சங்கத்தின் தலைவி இருந்தா. அவா அரிசி ஆலைக்காரரின் மனைவி; அவனுடைய தாய்.

மண்டபத்துத் தொலைக்காட்சியில் புகை வந்தது, பேய் எழுந்தது, அவன் விழுந்தான். மண்டபம் குலுங்கிச் சிரித்தது. அவன் பேசத் தொடங்கியதும் சிரிப்பு நின்றது. படம் முடிந்த பிறகும் ஒருவரும் கைதட்டவில்லை.

தலைவி எழும்பினா. “அவன் கதைக்கிற இடத்தை இன்னொருக்கால் போடு, பிள்ளை,” என்றா.

மச்சாள் போட்டாள். அவா நின்றபடியே கேட்டா. பிறகு ஒருவரையும் பார்க்காமல் வெளியே போனா. கோபித்துக்கொண்டு போய்விட்டா என்று எல்லோரும் குசுகுசுத்தார்கள். தேநீர் ஆறுவதற்குள் அவா திரும்பி வந்தா, மகனின் கையைப் பிடித்தபடி. வீட்டில் உடுக்கும் சாரத்தோடு நின்ற அவனை முன்னால் விட்டு, “இப்ப சொல்லு,” என்றா.

அவன் நிலத்தைப் பார்த்துச் சொன்னான். பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று யாரோ சொல்ல, திரும்பவும் உரக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. தான் போட்டது பொய்ப்படம், அந்தப் பிள்ளையில் ஒரு பிழையும் இல்லை.

நிரோஜா அக்கா எழுந்தாள். “நாளைக்குப் பள்ளிக்கூடம் போறன். சந்தியால தான் போவன்,” என்றாள். அவ்வளவுதான். பிறகு அந்த மண்டபத்தில் எழுந்த கைதட்டலை நான் இன்றுவரை வேறெங்கும் கேட்டதில்லை. என் படத்துக்குத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்து நானும் எழும்பி நின்று கும்பிட்டேன்.

திங்கள் காலை அவளுடைய அப்பா சைக்கிளில் ஏற்றிப்போகத் தயாராக நின்றார். அவள் நடந்தே போனாள். மச்சாளும் நானும் இரண்டு பக்கமும். சந்தியில் எவரும் நிற்கவில்லை. கடைக்காரர் தன் கதிரையை விட்டு எழும்பி எங்களுக்கு வழிவிட்டார், பாதை முழுக்க வெறுமையாகக் கிடந்தபோதும்.

அன்று பின்னேரம் அம்மா வயலால் வந்து, கால் கழுவாமலே மச்சாளிடம் போனை வாங்கினா. குசினி வாசலில் குந்தியிருந்து, நிரோஜா அக்கா முகம் கழுவுகிற இடத்தை மட்டும் பார்த்தா. முடிந்ததும் திரும்பப் பார்த்தா. தொண்டைக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வந்தது. கண்ணால் தண்ணீரும் வந்தது.

“எங்கட காலத்தில எங்களிட்டப் போன் இருக்கேல்லை,” என்று மெல்லச் சொன்னா.

அம்மாவுக்கும் ஒரு போன் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று அப்பாவிடம் சொல்ல நான் ஓடினேன்.