சமையலறைக்குக் கீழே ஓர் அறை

மொன்ட்ரியால் தீவின் மேற்குக் கரையில் பழைய கல்வீடு ஒன்று இருந்தது. மிருகத்தோல் விற்றுப் பணக்காரனான ஒருவன் இருநூறு வருடத்துக்கு முன் வாழ்ந்த வீடு. எண்பதுகளின் நடுவில் அதை அருங்காட்சியகமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். அகதிக் கோரிக்கை தீராமல் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் கிடந்த எனக்கு அங்கே தோண்டிய மண்ணை அரிக்கும் வேலை கிடைத்தது. இருபத்தெட்டு வருடம் கணக்குப் படிப்பித்தவன் கையில் சல்லடை.

என்னோடு வந்தவர் எங்கள் மேல்மாடிக்காரர். யாழ்ப்பாணத்தில் மூன்று கடை வைத்திருந்தவர். இங்கே நாலு பேரோடு ஓர் அறையில் படுத்தாலும் தன்னை எல்லோரும் "முதலாளி" என்றே கூப்பிட வேண்டும். கூப்பிட்டோம். செலவில்லாத மரியாதை.

அருங்காட்சியக இயக்குநர் அம்மா அந்தத் தோல் வியாபாரியின் வெள்ளிக் கரண்டிகளைப் பற்றி ஓயாமல் பேசுவாள். பதினாறு கரண்டி, எண்ணிப் பார்த்தேன். அவன் விலைக்கு வாங்கி வைத்திருந்த மனிதர்களுக்கு மட்டும் ஒரே வசனம்: "வேலைக்காரர்களும் இருந்தார்கள், குடும்பத்தில் ஒருவர் போல." அவர்கள் அடிமைகள். சிலர் கறுப்பர், சிலர் அந்த மண்ணின் பூர்வகுடிகள். அடிமை என்ற சொல் அவள் வாயில் வராது. நாக்கு சுளுக்கிவிடுமோ என்னவோ.

செயின்ட்-மிஷேல் பகுதியிலிருந்து எங்களோடு வேலைக்கு வந்த ஹெயிட்டிப் பெண்ணுக்கு அந்த வசனத்தைக் கேட்டாலே முகம் இறுகும். சமையலறைக்குக் கீழே மண் மூடிக் கிடந்த நிலவறையைத் தோண்டினோம். கருகிய கற்கள், கடித்த எலும்புகள், நான்கு நீல மணிகள் கிடைத்தன. "இங்கேதான் அவர்களைப் படுக்க வைத்தார்கள்" என்றாள் அவள். இயக்குநருக்கு அது களஞ்சியம். பார்வையாளர்களுக்கு அங்கே கழிப்பறை கட்டுவதாகத் திட்டம். ஆட்கள் வாழ்ந்த இடம் என்று முடிவானால் சட்டப்படி அதைத் தொட முடியாது. அந்தப் பெண் அன்று சாப்பாட்டு நேரத்திலும் நிலவறையை விட்டு மேலே வரவில்லை.

கடைசியில் வாசல் நிலையில் கதவைப் பூட்டும் துருப்பிடித்த கொண்டி ஒன்று தெரிந்தது. வெளிப்பக்கத்தில்.

"சாமான் களவு போகாமல் வெளியே பூட்டியிருக்கிறார்கள். களஞ்சியம்தான்" என்றாள் இயக்குநர்.

பெரிய இடத்துக்கு உதவுவதென்றால் முதலாளிக்குப் புல்லரிக்கும். முன்னால் போனார்.

"சும்மா இரும்" என்றேன் தமிழில்.

"நீர் பேசாமல் நில்லும், மாஸ்டர். வாடகை வீட்டில இருந்த ஆளுக்கு இது விளங்காது."

பிறகு தன் கடை ஆங்கிலத்தில் தொடங்கினார். "மேடம் சொல்வது சரி. எங்கள் வீட்டிலும் களஞ்சிய அறைக்கு வெளியேதான் கொண்டி."

"பார்த்தீர்களா!" என்றாள் இயக்குநர்.

பாராட்டுக் கிடைத்தபின் அந்த மனிதரை யார் நிறுத்துவது? "தேயிலைத் தோட்டத்திலிருந்து வீட்டு வேலைக்கு ஒரு பிள்ளையைக் கொண்டுவந்திருந்தோம். அவளுக்கும் அங்கேதான் பாய், நெல் மூட்டைக்குப் பக்கத்தில். இரவில் கொண்டி போடுவோம். போடாவிட்டால் தாயிடம் ஓடிவிடுவாள். எங்கள் பிள்ளை மாதிரித்தான் வைத்திருந்தோம், மேடம்."

இயக்குநரின் சிரிப்பு பாதியில் நின்றது. ஹெயிட்டிப் பெண்ணுக்கு ஆங்கிலம் அரைகுறை. இது முழுவதும் விளங்கிவிட்டது.

"எத்தனை வயது?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"எட்டோ ஒன்பதோ."

"பெயர்?"

முதலாளி என் பக்கம் திரும்பினார். "பெட்டை எண்டுதானே கூப்பிடுறது, மாஸ்டர். பேர் ஆருக்குத் தெரியும்?"

பெட்டை என்றால் வெறும் பெண்பிள்ளை என்பது உட்பட, அதை ஒரு சொல்லும் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன்.

அடுத்த கிழமை கழிப்பறைக்குத் தோட்டத்தில் இடம் பார்த்தார்கள். நிலவறை வாசலில் ஒரு பலகை ஏறியது: "வேலைக்காரர் தங்கிய அறை." இயக்குநர் அம்மாவால் அவ்வளவுதான் முடிந்தது.

"என்னாலதானே அறை தப்பினது, அந்த ஹெயிட்டிக்காரிக்கு ஒரு நன்றி சொல்லத் தெரியேல்லை" என்று முதலாளி மெட்ரோவில் முறையிட்டார். ஹெயிட்டிப் பெண் அந்தப் பேச்சு நடந்த நாளிலிருந்து எங்கள் மேசையில் சாப்பிடவில்லை. எனக்குக் காலையில் சொல்லும் "பொன்ஜூர்" கூட நின்றுபோனது. அவரோடு என்னையும் சேர்த்து எண்ணிவிட்டாள்.