கொடிக்கால் கிணற்று மீன்கள்

மருந்தைக் கிணற்றில் போடாமல் குடத்தில் போடலாமே என்று எனக்குத் தோன்றியது, செத்த மீன்களைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தபோதுதான்.

சுகாதார ஆய்வாளர் பயிற்சியில் அது எனக்கு இரண்டாவது மாதம். பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். கோடையில் குடிநீர்க் கிணறு வற்றிவிட, வெற்றிலை பயிரிடும் ஒரு கொடிக்காலின் கிணற்றிலிருந்துதான் அங்கே கூலி வேலைக்குப் போகிறவர்கள் தண்ணீர் எடுத்தார்கள். வயிற்றுப்போக்கு பரவியது. ஒரு சிறுமியை நாமக்கல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய், குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிப் பிழைக்கவைத்தார்கள். அடுத்த வீட்டுக் குழந்தைக்கு அப்படி ஆகக் கூடாதென்று என்னை பிளீச்சிங் பவுடரோடு அனுப்பினார்கள்.

கொடிக்காலுக்குள் செருப்போடு போகக் கூடாது. அது தெரிந்து, வரப்பிலேயே கழற்றிவிட்டுப் போனேன். தோட்டக்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"படிச்ச தம்பின்னாலும் மொற தெரிஞ்சிருக்குது பாருங்க" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கிணற்றில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறதென்று அளந்து அதற்குத் தக்கபடிதான் பவுடரைக் கரைக்க வேண்டும். நானோ கண்ணாலேயே ஒரு மதிப்புப் போட்டேன். போதாதோ என்று மேலும் இரண்டு கை அள்ளிக் கரைத்து வாளியை இறக்கினேன்.

மறுநாள் காலை கெண்டைகள் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன.

"செருப்பக் கழட்டத் தெரிஞ்ச தம்பிக்கு அளவு தெரியலீங்களே!" என்றார் தோட்டக்காரர். "மீனே செத்துப்போச்சு, கொடி தாங்குமா? இனி டப்பாவத் தூக்கிட்டு இந்தக் கெணத்துப் பக்கம் வராதீங்க."

கிணற்றுக்குள் இறங்கி மீன்களை அள்ளினேன். மேலே காலிக் குடத்தோடு நின்றிருந்தவர் அந்தச் சிறுமியின் அம்மா. அங்கே இலை கிள்ளுகிறவர்.

"ஏனுங்க, கொடிக்கு ஆவாதுங்கறீங்க, செரி. கொடிக்குக் கெணத்துலருந்து போவுது. நாங்க கொடத்துலருந்துதானுங்களே குடிக்கிறோம்?" என்று அவர் தோட்டக்காரரைக் கேட்டார்.

என் கை அப்படியே நின்றது.

சைக்கிளை மிதித்து ஆரம்ப சுகாதார நிலையம் போய், எனக்குப் பயிற்சி தரும் ஆய்வாளரிடம் மீன் செத்த கதையையும் சொன்னேன். சிரித்தார், திட்டினார், குடத்துக்கான அளவை எழுதித் தந்தார். கிணற்றில் வாடை போகும்வரை ஊருக்கு வேறிடத்திலிருந்து வண்டியில் தண்ணீர் வந்தது. பிறகு, பவுடரைக் கரைத்துத் தெளியவைத்த கரைசலைப் பாட்டிலில் எடுத்துக்கொண்டு, ஒரு சிறு கரண்டியோடு தெருவுக்குள் நுழைந்தேன்.

"மீனுக்கு ஊத்துனது பத்தாதுன்னு எங்களுக்கும் ஊத்த வந்துட்டீங்களாக்கும்?" என்று ஒரு பெண் கேட்க, தெருவே சிரித்தது.

சிறுமியின் அம்மா மட்டும் தன் குடத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். ஒரு கரண்டி விட்டுக் கலக்கி, மருந்து வேலை செய்ய வேண்டிய அரைமணி நேரம் எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் நான் குடித்தேன். அடுத்து அவர் மொண்டார்.

"ஆஸ்பத்திரி வாடையல்ல அடிக்குது!" என்றார் முன்பு கேலி பேசிய அந்தப் பெண்.

"அடிச்சா அடிச்சுட்டுப் போவுது. என்ற புள்ள அந்த வாடைக்குள்ளதான் கண்ணு முழிச்சா" என்றார் அம்மா. மடக்கென்று குடித்துவிட்டுக் குடத்தை வீட்டுக்குள் கொண்டுபோனார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு குடமாக வந்தது. அந்தக் கோடையில் அந்தத் தெருவிலிருந்து இன்னொரு குழந்தையை நாமக்கல்லுக்குத் தூக்கிப்போகவில்லை. பயிற்சியில் நான் தேறியதாகக் கையெழுத்துப் போட்டவர் ஆய்வாளர்தான். ஆனால் என்னைத் தேற்றிவிட்டது அந்த அம்மாவின் குடம்; அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு.

இப்போதும் அந்தத் தெருவில் குடம் குடமாகத்தான் மருந்து விடுகிறேன். போன வாரம் தோட்டக்காரரே சந்தையில் என்னைக் கூப்பிட்டார். "கொடிக்கு ஒண்ணும் ஆவலீங்க தம்பி. கொடம் கொடமா எத்தன நாளைக்கு ஊத்துவீங்க? மோட்டார் ஓடாத நாளாப் பாத்து வாங்க. இப்ப இருக்கற மீனப் புடிச்சுத் தொட்டில உட்டுப்போட்டு, அளந்து போடுங்க."

கயிற்றில் முழத்துக்கொரு முடிச்சு போட்டு, நுனியில் கல் கட்டி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை மோட்டார் ஓடாதாம். செருப்பை வரப்பில் விட்டுவிட்டு, முதல் வேலையாகக் கிணற்றின் ஆழத்தை அளக்கப்போகிறேன்.