கணக்கில் சேராத டப்பா

கொத்தனார்கள் வைத்திருப்பது போன்ற ஒரு கரணையை இடுப்பின் வலப்பக்கம் தொங்கவிட்டுக்கொண்டு போனேன். குழப்பம் அங்கிருந்துதான் தொடங்கியது. வீராம்பட்டினம் கடற்கரையில், கையில் இருந்த மெட்டல் டிடெக்டரை வலதுபக்கம் வீசும்போதெல்லாம் அது கூவியது. வலதுபக்கமாகவே பதினோரு குழி தோண்டினேன். ஒன்றிலும் எதுவும் இல்லை. பன்னிரண்டாவதற்குக் குனிந்தபோதுதான் கருவி மண்ணைப் பார்த்துக் கூவவில்லை, என் இடுப்பைப் பார்த்துக் கூவுகிறது என்று புரிந்தது.

இதில் எனக்கு வெட்கம் கொஞ்சம் அதிகம். என் வேலையே அதுதான். ஒரு பிஸ்கெட் தொழிற்சாலையில் கன்வேயரின் கடைசியில் நிற்கும் மெட்டல் டிடெக்டரைப் பார்த்துக்கொள்கிறேன். மணிக்கு ஒருமுறை மூன்று சோதனைத் துண்டுகளை அதன் வழியாக அனுப்ப வேண்டும்: இரும்பு ஒன்று, பித்தளை ஒன்று, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஒன்று. மூன்றையும் அது பிடித்துத் தள்ளினால் இயந்திரம் சரி. சோதனையின்போது தள்ளப்படும் எதுவும் அன்றைய கணக்கில் சேராது. அதற்கென்று ஒரு சிவப்பு டப்பா உண்டு. ஒரு மாதம் வைத்திருந்துவிட்டுக் கொட்டிவிடுவோம்.

கடற்கரையில் தேடியது அண்ணியின் கல்யாண மோதிரத்தை. போன வருடம் கோயிலில் மந்திரித்துப் போட்டது. கல்யாணம் முடிந்து ஒன்றரை மாதத்தில் அண்ணன் பிரான்சுக்குத் திரும்பிவிட்டான். அண்ணி அங்கே போவதற்கான விசா காகிதங்கள் இன்னும் வரவில்லை. எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள், பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறாள். திங்கட்கிழமை காலை, அம்மா பால் வாங்கப் போயிருந்த நேரத்தில் அடுப்பங்கரையில் என்னிடம் வந்து சொன்னாள்.

"பாப்பா, அத்தைக்குத் தெரிய வேணாம். மோதிரம் போயிடுச்சு."

முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, மூன்று பேரும் வீராம்பட்டினம் போயிருந்தோம். கரையில் இழுத்துவிட்டிருந்த ஒரு நீலப் படகின் பக்கத்தில் தண்ணீரில் கை கழுவியபோது நழுவியிருக்கும் என்றாள். இப்போதெல்லாம் விரலில் தளர்வாகத்தான் இருக்கிறது என்றும் சொன்னாள். அண்ணன் அடுத்த வாரச் சனிக்கிழமை விடுப்பில் வருகிறான். அதாவது பன்னிரண்டு நாள். அதுவரை தினமும் அவன் வீடியோவில் கூப்பிடுவான், அண்ணி அந்தக் கையை மடியில் மறைத்துக்கொண்டு பேசுவாள். கதவோரம் நின்று நானே பார்த்திருக்கிறேன். அவன் ஏதோ கேட்க, அவள் ஒரே கையால் முடியை ஒதுக்கி, ஒரே கையால் டம்ளரை எடுத்து, அதே கையால் கன்னத்தைத் தாங்கிக்கொண்டாள்.

கல்லூரித் தோழி ஒருத்தி புராஜெக்ட்டுக்கு வாங்கி வைத்திருந்த கருவியை இரவல் வாங்கினேன். செவ்வாய் மாலை வேலை முடிந்து நேராகப் போனேன். படகுகள் பக்கம் ஆட்கள் இருந்தார்கள். தெரியாத கருவியோடு அவர்கள் முன்னால் நிற்கக் கூச்சமாக இருந்தது. வடக்கே, துறைமுக முகத்துவாரத்தில் கொட்டியிருக்கும் பெரிய கற்களுக்குப் பக்கத்தில் யாருமில்லை. அங்கே போய்ப் பழகிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அங்கேதான் அந்தப் பதினோரு குழிகள்.

கரணையை அவிழ்த்துத் தூர வைத்தேன். பெல்ட்டில் ஸ்டீல் பக்கிள் இருந்தது, அதையும் கழற்றினேன். வேலைக்குப் போடும் ஷூவின் முன்பக்கம் இரும்பு, அதுவும் போயிற்று. வெறுங்காலோடு மறுபடி வீசியபோது உண்மையான சத்தங்கள் சில வந்தன. மூன்று பாட்டில் மூடி, ஒரு தூண்டில் முள், மணலுக்குள் புதைந்த ஒரு காலி சிப்ஸ் பாக்கெட். பாக்கெட்டுக்கு நல்ல கூர்மையான சத்தம். மடிப்பின் உள்ளே வெள்ளியாக மின்னும் தாள் தெரிந்தது. அதுதான் கத்துகிறது என்று முடிவு செய்து, எல்லாவற்றையும் ஒரு பழைய சிவப்பு பிஸ்கெட் டப்பாவில் போட்டேன். மூடியில் 'சோதனை' என்று எழுதினேன். கற்கள் பக்கம் போனதை அண்ணியிடம் சொல்லவில்லை. சொல்ல அதில் என்ன இருக்கிறது? அது கணக்கிலேயே இல்லை.

அன்று வீட்டில் ஒரு பட்டியல் போட்டேன். உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. கரணைக்குப் பதில் குழந்தைகள் மணலில் விளையாடும் பிளாஸ்டிக் மண்வெட்டி. இரும்புச் சல்லடைக்குப் பதில் காய்கறி அலசும் பிளாஸ்டிக் கூடை. இவற்றையெல்லாம் தொங்கவிட, பொத்தானும் ஜிப்பும் இல்லாத ஒரு பை. அளவுகளை எழுதி அண்ணியிடம் கொடுத்தேன். பழைய மழைக்கோட்டை வெட்டி, நாடா வைத்து அன்றைக்கே தைத்துவிட்டாள். இடப்பக்கம் மண்வெட்டிக்கு, முதுகில் கூடைக்கு. முன்னால் இரண்டு அறைகள், ஒன்று குப்பைக்கு, ஒன்று சந்தேகத்துக்கு. மார்புப் பக்கம் மட்டும் இரண்டு விரல் அகலத்தில், நாடா கட்டிய ஒரு சின்னப் பை.

இது என் லிஸ்ட்டில் இல்லையே என்று கேட்டேன். கிடைத்தால் அதில் வைக்க என்றாள். கிடைத்தால் விரலில்தானே போட்டுக்கொள்வீர்கள், பை எதற்கு என்றேன். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

புதன்கிழமை முறையாகத் தொடங்கினேன். நீலப் படகிலிருந்து தண்ணீர் வரை கயிறு கட்டி, இரண்டு மீட்டர் சதுரங்களாகப் பிரித்து, நோட்டில் ஒவ்வொரு சதுரத்துக்கும் ஓர் எண் கொடுத்தேன். வியாழக்கிழமை போனால் நீலப் படகு இருபது அடி தள்ளி நிற்கிறது. என் சதுரங்களோடு எதுவும் பொருந்தவில்லை. அரை மணி நேரம் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் வலையைத் தைத்துக்கொண்டிருந்த ஒருவர் அதுவரை என்னையே கவனித்திருக்கிறார் போலிருக்கிறது.

"ஏம்மா, போட்டையே அடையாளமா வச்சா, போட்டு கடலுக்குப் போவாதா?"

கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த அம்மாள் சிரித்தாள். "நேத்து நின்னது வேற போட்டு. அது தேங்காய்த்திட்டுல கெடக்குது, இன்ஜின் வேலைக்கு. இதுவும் நீலந்தான், அதுவும் நீலந்தான்."

"ஞாயித்துக்கிழமை எது நின்னுச்சு?" என்று கேட்டேன்.

"அத எந்தப் போட்டு கிட்ட கேக்கறது?" என்றார் வலை தைத்தவர்.

அதற்குப் பிறகு அவர்கள் பழகிவிட்டார்கள். நான் வந்ததும், பெருக்க ஆள் வந்துவிட்டது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். நான் எதைத் தேடுகிறேன் என்பதில் அங்கே இரண்டு கட்சி இருந்தது. புதையல் என்று ஒரு கட்சி. துறைமுகத்தை நீட்டிக்க அளக்க வந்தவள் என்று இன்னொன்று. மோதிரம் என்று நான் சொன்னதை இரண்டு கட்சியும் நம்பவில்லை.

படகை நம்ப முடியாது என்றானபின் அண்ணியைத்தான் நம்ப வேண்டியிருந்தது. தையல் வேலைக்கு லைனிங் துணி வாங்கப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு மூன்று நாள் என்னோடு வந்தாள். முதல் நாள் கரையில் வலை வைக்கும் கொட்டகைக்கு நேராக என்றாள். இரண்டாம் நாள் அதற்குத் தெற்கே. மூன்றாம் நாள் இன்னும் தெற்கே. ஒவ்வொரு நாளும் அவள் காட்டிய இடத்தை நோட்டில் புள்ளியாக வைத்தேன். மூன்று புள்ளிகளும் ஒரே திசையில் நகர்ந்தன. மறதி என்றால் புள்ளிகள் இங்கும் அங்கும் சிதறியிருக்க வேண்டும். ஒரே பக்கமாக ஏன் போகின்றன என்று எனக்குப் புரியவில்லை. தொழிற்சாலையில் ஒரு கருவி இப்படிக் காட்டினால் அதைக் கழற்றிப் பார்ப்பேன். அண்ணியை என்ன செய்ய முடியும்?

எட்டு மாலைகளில் கிடைத்தவை: பாட்டில் மூடிகள், பீர் டின்னின் வளையங்கள், ஆணிகள், ஈயக்குண்டுகள், ஒரு கொலுசின் திருகு, தேய்ந்துபோன ஒரு சாவி. எல்லாவற்றையும் ஓர் இரவல் சத்தத்தோடு ஒப்பிட்டு எழுதினேன். அதாவது அம்மா குளிக்கும்போது அவள் கழற்றி வைத்த மோதிரத்தைக் கேட்காமல் எடுத்து, தோட்டத்து மண்ணில் புதைத்து, அது என்ன சத்தம் தருகிறது என்று பார்த்து வைத்திருந்தேன். கடற்கரையில் அந்தச் சத்தம் வரவே இல்லை.

இரண்டாவது வியாழன். அண்ணன் வர இரண்டு நாள் இருந்தது. வேலை சீக்கிரம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது அண்ணி தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து சிப்ஸ் தின்றுகொண்டிருந்தாள். தின்று முடித்ததும் காலி பாக்கெட்டை நீளவாக்கில் நான்காக மடித்தாள். மடித்ததை ஒரு முடிச்சாகப் போட்டு, தட்டையாக அழுத்தினாள். குப்பையில் போட்டால் காற்றில் பறக்காது என்று அவள் அம்மா வீட்டில் பழக்கம். கல்யாணமாகி வந்ததிலிருந்து தினமும் பார்க்கிறேன்.

பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த முடிச்சை வேறு எங்கோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. பிறகு எழுந்து என் கட்டிலுக்கடியில் இருந்த சிவப்பு டப்பாவை எடுத்தேன்.

பாட்டில் மூடி, பாட்டில் மூடி, பாட்டில் மூடி, தூண்டில் முள். கற்கள் பக்கத்தில் எடுத்த சிப்ஸ் பாக்கெட், நான்காக மடித்து, முடிச்சுப் போட்டுத் தட்டையாக இருந்தது. இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. அந்தத் தாளில் இருப்பது அலுமினியப் பூச்சு. கருவியைக் கத்தவைக்கிற அளவுக்கு அதில் உலோகமே கிடையாது. எங்கள் பிஸ்கெட்டும் அதே மாதிரித் தாளில்தான் போகிறது. நாள் முழுக்க எங்கள் இயந்திரத்தின் வழியாகப் போகிறது, ஒருநாளும் கத்தியதில்லை. உலகத்தில் இதைத் தெரிந்திருக்க வேண்டிய ஆள் ஒருத்தி உண்டென்றால் அது நான்தான்.

முடிச்சை அவிழ்த்தேன். மோதிரம் இருந்தது. உள்பக்கம் அண்ணன் பெயரின் முதல் எழுத்து. கொஞ்சம் உப்பும் சிப்ஸ் காரமும் ஒட்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணி போனில் பேசிக்கொண்டே வடக்கே நடந்து போனதும், அரை மணி கழித்துத் திரும்பியதும் அப்போது நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் படகடியில் கை கழுவினாள். அதனால் அந்த அரை மணியை நான் எந்தக் கட்டத்திலும் சேர்க்கவில்லை.

மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கையில் பாக்கெட்டையும் மோதிரத்தையும் தனித்தனியாக வைத்து நீட்டினேன். முதலில் பாக்கெட்டைத்தான் பார்த்தாள்.

"முடிச்ச நீயா அவுத்த?"

"ஆமா அண்ணி."

துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டுக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். அன்றைக்கு அண்ணன் போனில், இன்னும் இரண்டு வருடம் பொறுத்துக்கொள், காகிதத்துக்கு இப்போது அலைய முடியாது என்று சொல்லியிருக்கிறான். சாதாரணமாகச் சொன்னானாம், சமைத்துக்கொண்டே. போனை வைத்துவிட்டு மோதிரத்தைக் காலி பாக்கெட்டில் போட்டு, முடிச்சுப் போட்டு, கற்களைத் தாண்டி வீசியிருக்கிறாள். தண்ணீரில் விழுந்துவிட்டது என்றே நினைத்திருக்கிறாள்.

"அப்ப எதுக்கு என்னை போட்டாண்ட தேடவிட்டீங்க? பத்து நாளா?"

"கல்லாண்டன்னு சொன்னா, அங்க உங்களுக்கு என்னா வேலைன்னு கேப்ப." பாக்கெட்டை என் கையிலிருந்து எடுத்து நீவினாள். "நீ தேடணும்னும் இருந்துச்சு பாப்பா. கெடைக்கக் கூடாதுன்னும் இருந்துச்சு. அத உன் நோட்டுல எந்தக் கட்டத்துல எழுதுவ?"

உள்ளங்கையை இன்னும் கொஞ்சம் நீட்டினேன். மோதிரத்தை வாங்கிக்கொண்டாள். விரலில் போடவில்லை.

சனிக்கிழமை மதியம் அண்ணன் சென்னையிலிருந்து காரில் வந்து இறங்கினான். சாப்பிட்டு முடித்து அறைக்குப் போனபோது அண்ணி கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய என் பையைக் காட்டினாள். நான் பெட்டி ஒன்றை உள்ளே வைத்துவிட்டு நின்றிருந்தேன்.

"உங்க சாமான் ஒண்ணு அதுல இருக்குது. எடுத்துக்குங்க."

அண்ணன் சிரித்துக்கொண்டே முதலில் குப்பை அறையைத் தடவினான், பிறகு சந்தேக அறையை. கடைசியாக மார்புப் பக்கச் சின்னப் பையின் நாடாவை இழுத்தான். உள்ளே சிப்ஸ் பாக்கெட் இருந்தது, மறுபடியும் நான்காக மடித்து, முடிச்சுப் போட்டு. அவன் அதைத் திருப்பிப் பார்த்தான். அண்ணி உதவவில்லை. அவன் நகத்தால் முடிச்சைத் தளர்த்தத் தொடங்கியபோது நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் அது திறக்கவில்லை. பேச்சுச் சத்தம் கேட்டது. யார் குரல் உயர்கிறது என்று பிரித்தறிய முடியவில்லை. அதற்கு நான் முயலவும் இல்லை.

மாலையில் அண்ணியின் விரலில் மோதிரம் இருந்தது. நழுவாமல் இருக்க அடியில் வெள்ளை நூல் சுற்றியிருந்தாள்.

ஞாயிறு காலை, கருவியைத் தோழியிடம் திருப்பிக் கொடுக்கத் துடைத்து மடித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் காப்பி டம்ளரோடு வந்து பக்கத்தில் நின்றான். இந்தக் கருவி எவ்வளவு ஆழம் வரை பிடிக்கும் என்று கேட்டான். சொன்னேன். நோட்டைப் புரட்டி என் சதுரங்களைப் பார்த்தான், மூன்று புள்ளிகளைப் பார்த்தான்.

"எங்க கெடச்சுது?"

அண்ணி அவனிடம் எதைச் சொன்னாள், எதைச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியாது. அடுப்பங்கரையிலிருந்து அவள் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, நான் பதில் சொல்வதற்குள் நின்றது.

"போட்டாண்ட" என்றேன்.

அண்ணன் தலையாட்டினான். தெரிந்துகொண்டே என்னைக் கேட்டானா, தெரியாமல் கேட்டானா என்று அந்தத் தலையாட்டலில் கண்டுபிடிக்க முடியவில்லை. உள்ளே பாத்திரச் சத்தம் மறுபடி தொடங்கியது. அவன் போன பிறகு நோட்டை எடுத்து, கிடைத்த இடம் என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு நோட்டையும் அந்தச் சிவப்பு டப்பாவிலேயே போட்டு மூடினேன்.