திரையைப் பிடித்துக்கொண்டு நின்றவர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் நெடுங்காட்டில் யாரும் சிவநாதனைத் தேடிப் போகமாட்டார்கள். போனாலும் பிரயோசனம் இல்லை. மனிதர் கூடத்து மேசைக்குப் பின்னால், சுவரோடு சுவராக ஒட்டி நின்று, ஒரு பழைய லேப்டாப்பின் திரையை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பார். எதிரே நாற்காலியில் அவர் மனைவி பங்கஜவல்லி உட்கார்ந்து, திரையில் தெரியும் மகளோடு கையால் பேசிக்கொண்டிருப்பாள். மகள் தாமரைச்செல்விக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கோயம்புத்தூரில் ஓர் அச்சகத்தில் வடிவமைப்பு வேலை பார்க்கிறாள். அம்மாவும் பெண்ணும் பேச ஆரம்பித்தால் லேசில் முடியாது. முடியும்வரை சிவநாதன் பார்ப்பது லேப்டாப்பின் முதுகை மட்டும்தான்.

எதற்காகப் பிடிக்க வேண்டும் என்றால், கீல் உடைந்துவிட்டது. உடைத்தது யார் என்று கேட்டால் சிவநாதன் பேச்சை மாற்றிவிடுவார். அதனால் நாமே சொல்லிவிடலாம். அவர் பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். லஸ்கர் என்றால் வாய்க்கால் மதகில் ஷட்டரை ஏற்றி இறக்குகிற ஆள். இறுகிப்போன எதைக் கண்டாலும் அவருக்குத் தெரிந்தது ஒரே வைத்தியம். கிரீஸ் தடவி முன்னும் பின்னும் ஆட்டிக் கொடுப்பார். லேப்டாப்பின் கீல் கிறீச்சென்று சத்தம் போட்டபோதும் அதையே செய்தார். சத்தம் நின்றது. மறுநாள் திரை நிற்கவில்லை, பொத்தென்று பின்னால் சாய்ந்தது. அன்றைக்கு மகள் அழைத்த நேரத்தில் ஓடிப்போய்ப் பிடித்தவர்தான், அதுவே அவருடைய வேலையாகிவிட்டது.

போன் இருக்கிறதே என்று யாராவது கேட்கலாம். அதிலும் பேசிப் பார்த்தார்கள். போனைச் சொம்பில் சாய்த்து வைத்தால் முகம் தெரிந்தது, கை தெரியவில்லை. தள்ளி வைத்தால் கை தெரிந்தது, விரல் தெரியவில்லை. கையால் பேசுகிறவர்களுக்கு விரல் தெரியாவிட்டால் பாதிப் பேச்சு போய்விடும். பங்கஜவல்லிக்குக் கண்ணும் முன்னைப்போல் இல்லை. தாமரைச்செல்வி கல்லூரியில் வைத்திருந்த லேப்டாப்தான் கடைசியில் கை கொடுத்தது.

ஆனால் அந்த லேப்டாப்புக்கு இல்லாத சீக்கு இல்லை. அதைப் போட்டுவிட்டு உலை வைத்தால், சோறு வடிக்கும் நேரத்துக்குத்தான் முகம் காட்டும். சார்ஜர் வயர் கொஞ்சம் நகர்ந்தாலும் அணைந்துவிடும். உள்ளே இருக்கும் விசிறி மாவு மில் மாதிரி இரையும். இரைந்து இரைந்து சூடேறியதும் படம் அப்படியே நின்றுபோகும். தாமரைச்செல்வியின் கை காற்றில் பாதியில் நிற்கும். அவள் சம்பளத்தைப் பற்றிச் சொல்ல வந்தாளா, சளிக் காய்ச்சலைப் பற்றிச் சொல்ல வந்தாளா என்று தெரியாமல் பங்கஜவல்லி தவித்துப்போவாள்.

சிவநாதன் சும்மா விடவில்லை. அடியில் நான்கு பாட்டில் மூடிகளை முட்டுக் கொடுத்து லேப்டாப்பை உயர்த்தினார். மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத் தான் வியர்த்து நின்றார். யூடியூபில் யாரோ சொன்னார்கள் என்று தேவையில்லாததை எல்லாம் அழித்தார், அந்த வேகத்தில் தேவையானவற்றிலும் இரண்டு போயிற்று. கீழே தண்ணீர் வரவில்லையென்றால் மேலே எங்கோ அடைப்பு என்பது அவர் தொழில் கற்றுக்கொடுத்த பாடம். அதனால் நெட் பெட்டியை இடம் மாற்றினார், அதன் வயரை மாற்றினார், தெருக் கம்பத்திலிருந்து வரும் கேபிளைக்கூட ஆள் வைத்துப் பார்த்தார். அடைப்பு அங்கெல்லாம் இல்லை.

புதிதாக ஒன்று வாங்கி அனுப்புகிறேன் என்று மகள் பல தடவை சொல்லிவிட்டாள். பங்கஜவல்லி அதை எடுத்துச் சொல்லும்போதெல்லாம் திரைக்குப் பின்னாலிருந்து ஒரே பதில்தான் வரும்.

"ஓடுற பொட்டியை எதுக்குத் தூக்கிப் போடணும்? வேணாம்னு சொல்லு."

கஞ்சத்தனம் என்றுதான் பங்கஜவல்லி நினைத்திருந்தாள். அது கஞ்சத்தனம் இல்லை, பயம்.

மகள் சின்னப் பெண்ணாக இருந்தபோது அப்படி ஒரு பயம் அவருக்கு இருந்ததில்லை. ஷட்டர் திறக்கப் போகும்போது சைக்கிளின் முன்கம்பியில் உட்கார்ந்து அவளும் கூடவே போவாள். அவர் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற இரும்புப் பலகை மேலே ஏறும், அடியில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு பாயும். வெறுங்காலை மதகின் சிமெண்டில் அழுத்தி அந்த அதிர்வை அவள் ரசிப்பாள். பிறகு வீட்டில் எதற்காவது அனுமதி கேட்டு முன்னால் வந்து நின்றால், அவர் இரண்டு கையாலும் இல்லாத கைப்பிடி ஒன்றைச் சுற்றிக் காட்டுவார். திறந்தாச்சு, போ என்று அர்த்தம். அவள் குதித்துக்கொண்டு ஓடுவாள்.

அப்புறம் அவள் வெளியூர்ப் பள்ளிக்கூடத்தில் விடுதியில் சேர்ந்தாள். முறையான சைகைமொழி கற்றுக்கொண்டாள். ஒவ்வொரு லீவுக்கும் வரும்போது அவள் கையின் வேகம் கூடியிருந்தது. பங்கஜவல்லி விடாமல் கூடவே கற்றுக்கொண்டாள். சிவநாதன் பின்தங்கினார். ஒரு லீவில் தோழிகள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவர் ஆசையாக எதையோ கேட்கப்போய் விரலைத் தப்பாக மடக்கிவிட்டார். தோழிகள் சிரித்தார்கள், மகளும் சிரித்துவிட்டாள். குழந்தைச் சிரிப்புதான், அதில் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் அன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டவர், அதன்பின் அவிழ்க்கவே இல்லை. எது என்றாலும் அம்மாவிடம் கைகாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். மகள் பொங்கலுக்கு வந்து தங்கினாலும், அவளுக்குப் பிடித்த மீனை வாங்கிக் கொடுத்துவிட்டு வயல் பக்கம் போய்விடுவார்.

கீல் உடைந்தது அவருக்கு நல்லதாகப் போயிற்று. மகள் பேசும்போது பக்கத்திலேயே இருக்கலாம், எதுவும் பேச வேண்டியதில்லை. புது லேப்டாப் வந்துவிட்டால் முன்னால் வந்து உட்கார வேண்டும். பெற்ற பெண்ணுக்கு எதிரே ஊமையாக உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தக் கூச்சத்தைவிடக் கை வலிப்பது மேல் என்று அவருக்குத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் அப்பாவைப் பார்த்ததெல்லாம் படத்தின் ஓரத்தில் மங்கலாகத் தெரியும் விரல் நுனிகளைத்தான்.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேசிக்கொண்டே இருந்த பங்கஜவல்லியின் கை நின்றது. படம் நின்றுவிட்டதோ என்று சிவநாதன் எட்டிப் பார்த்தார். படம் நிற்கவில்லை.

"என்னங்க, இவ ஒரு பையனைக் கட்டிக்கணும்னு சொல்றா. மணிபாரதின்னு பேரு. கூட வேலை பாக்குறவனாம். அந்தப் பிள்ளைக்கும் காது கேக்காதாம்."

சிவநாதன் நழுவப் பார்த்த திரையை இறுக்கிப் பிடித்தார். பிறகு, "பிள்ளை எப்படி?" என்றார்.

"போட்டோ காட்டுறா. நல்ல முகமா இருக்கு. இவளை நல்லாப் பாத்துக்குறானாம்."

"அப்ப சரி. எனக்குச் சம்மதம்னு சொல்லிடு."

பங்கஜவல்லி சொன்னாள். சொல்லிவிட்டுப் பதிலைப் பார்த்தவள் முகம் மாறியது.

"நான் சொன்னா ஒத்துக்க மாட்டாளாம். அடுத்த வாரம் நீங்க முன்னாடி வந்து உக்காந்து சொல்லணுமாம். அப்பா கையால சொல்லணுமாம்."

"எல்லாத்தையும் நீதானே சொல்லுவே. இதையும் நீயே சொல்லு."

"அதையேதான் அவளும் கேக்குறா. எப்பப் பாத்தாலும் அம்மாதான் சொல்லணுமான்னு. நீங்க சொல்லலேன்னா அப்பாவுக்கு மனசில்லைன்னு நெனச்சுக்குவேங்குறா."

அந்த வாரம் அந்த வீட்டில் பள்ளிக்கூடம் நடந்தது. சம்மதம் என்பதை எப்படிச் சொல்வது, சந்தோஷம் என்பதை எப்படிச் சொல்வது என்று பங்கஜவல்லி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துக் காட்டிக் கொடுத்தாள். அவர் விரல்கள் ஷட்டர் கைப்பிடியிலேயே காய்த்துப்போனவை, ஒன்றை மடக்கினால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து மடங்கியது. "விரலா இது, முருங்கைக்காயா?" என்று அவள் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

வியாழக்கிழமை காலையில் லேப்டாப் செத்துப்போயிற்று. பொத்தானை எத்தனை தடவை அழுத்தியும் விளக்குக்கூட எரியவில்லை. மவுஸுக்குப் பதிலாக விரலால் தடவுகிற அந்தச் சதுரப் பட்டை மேலே தூக்கிக்கொண்டு நின்றது. உள்ளே ஏதோ வீங்கியிருந்தது. சிவநாதன் அதைத் தடவிப் பார்த்தார். அவரை அறியாமல் வாயிலிருந்து 'அப்பாடா' என்று வந்துவிட்டது.

அது தன் காதிலேயே விழுந்ததும் அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. பெண் வாழ்க்கையைக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள், நாம் பொட்டி கெட்டதற்குச் சந்தோஷப்படுகிறோமே என்று நினைத்தார். அதற்குமேல் நிற்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, லேப்டாப்பைத் துண்டில் சுற்றிப் பையில் போட்டு, காரைக்காலுக்குப் பஸ் ஏறிவிட்டார்.

காஜா நஜ்முதீனின் கடை கடைத்தெருவை ஒட்டிய சந்தில் இருந்தது. போன், லேப்டாப் ரிப்பேர். அவர் அடிப்பக்கத்துத் திருகுகளைக் கழற்றி மூடியைத் திறந்தார். திறந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்னண்ணே, உள்ள ஒரு களமே இருக்கு. நெல்லு மூட்டை பக்கத்துலயா வெச்சிருந்தீங்க?"

கூடத்தில் நெல் மூட்டை அடுக்கியிருக்கும் இடத்தை ஒட்டித்தான் மேசை. ஒவ்வொரு அறுவடைக்கும் பறந்த நெல்லின் சுணைத்தூசியெல்லாம் விசிறிக்குள் போய், கம்பளித் துணி மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது. ஊர் முழுக்க அடைப்பைத் தேடியவர் அதைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"பேட்டரி உப்பிப்போச்சு, இதை இனிமே வீட்ல வெச்சிருக்கவே கூடாது. ஹார்ட் டிஸ்க்கும் பழசு, அதான் இந்த மந்தம். அதை எடுத்துட்டு எஸ்.எஸ்.டி.ன்னு புது மாதிரி டிஸ்க் போட்டுட்டா ஓட்டமா ஓடும். ஸ்பீக்கர் வேற செத்துக் கெடக்கு. அது எப்ப போச்சு?"

"தெரியாது பாய். அது எங்களுக்கு வேணாம்."

காஜா நிமிர்ந்து பார்த்தார். சிவநாதன் மகளைப் பற்றி இரண்டே வார்த்தையில் சொன்னார். காஜா தலையாட்டிவிட்டு, மேலே எதுவும் கேட்காமல் கீல் பக்கம் திருப்பினார்.

"இங்க கிரீஸ் வெச்சது யாரு?"

சிவநாதன் கடையின் மின்விசிறியைப் பார்த்தார்.

"சரி விடுங்க. கீலு மாத்தணும்னா சாமான் பாண்டியிலேருந்து வரணும். அலைச்சல்தான். அவசரம்னா மத்ததை எல்லாம் பாத்துத் தர்றேன், கீலு அப்படியே இருக்கட்டும். இத்தனை நாளு யாரோ புடிச்சுக்கிட்டுதானே ஓட்டியிருக்கீங்க."

சரி என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் பின்னால் போய் நின்றுகொள்ளலாம், திரையைப் பிடிக்க ஆள் வேண்டுமே என்று சொல்லித் தப்பித்துவிடலாம். சிவநாதன் அந்தத் தொங்கிப்போன கீலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாத்திடுங்க பாய். சனிக்கிழமைக்குள்ள எப்படியாச்சும் வேணும்."

"ஏன், புடிச்சுக்க ஆளு இல்லையா?"

"இருந்தாரு. அவருக்கு வேற வேலை வந்துடுச்சு."

காஜா கைவிடவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் லேப்டாப் வீட்டுக்கு வந்தது. மறுநாள் காலையில் அதைப் போட்டுவிட்டு உலை வைக்க எழுந்த பங்கஜவல்லி, அடுப்பங்கரைக்குப் போவதற்குள் திரும்பி வரவேண்டியதாயிற்று. அதற்குள் அது தயாராகிவிட்டது. மேசைகூட மூட்டைகளை விட்டுத் தள்ளி ஜன்னல் ஓரத்துக்கு வந்திருந்தது. திரை யாருடைய தயவும் இல்லாமல் நிமிர்ந்து நின்றது.

அழைப்பு வந்ததும் சிவநாதனின் கால் பழக்கத்தில் மேசைக்குப் பின்னால் போனது.

"அங்க என்ன இருக்கு? இங்க வாங்க."

வந்து உட்கார்ந்தார். திரை நிறைய மகள் இருந்தாள். பேசும்போது அவள் புருவமும் உதடும் சேர்ந்து பேசும் என்பதையே அவர் மறந்திருந்தார். இப்போது அவள் எதுவும் பேசவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

சிவநாதன் கையைத் தூக்கினார். முதல் அசைவு வந்தது. இரண்டாவதற்கு எந்த விரலை நீட்டுவது என்று தெரியவில்லை. ஒரு வாரம் படித்தது அத்தனையும் அந்த நிமிஷத்தில் போயிற்று. கை அந்தரத்தில் அப்படியே நின்றது. தாமரைச்செல்வி திரையை நோக்கிக் குனிந்தாள், பிறகு அம்மா பக்கம் பார்த்துக் கேட்டாள். படம் நின்றுபோச்சா என்கிறாள் என்பது சிவநாதனுக்கே புரிந்தது.

பங்கஜவல்லி வாயாலும் கையாலும் ஒன்றாகச் சொன்னாள். "பொட்டி நிக்கலடி. உங்கப்பாதான் நின்னுட்டாரு. கொஞ்சம் பொறு."

சிவநாதன் கையை இறக்கினார். உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். இந்தத் தடவையும் அம்மாவிடம் சொல்லு என்று எழுந்து போய்விட்டால் இனி அவள் கேட்கவே மாட்டாள் என்று அவருக்குத் தெரிந்தது. மறுபடி கையைத் தூக்கினார். கற்றுக்கொடுத்தது எதுவும் வரவில்லை. இரண்டு கையும் தாமாக ஒன்று சேர்ந்து, எதிரே இல்லாத ஒரு கைப்பிடியைப் பற்றின. ரொம்ப நாளாகத் திறக்காத ஷட்டர் முதலில் இறுக்கமாகத்தான் இருக்கும். தோளைக் கொடுத்து மெதுவாகச் சுற்றினார். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. பிறகு இலகுவாக வந்தது.

நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தார்.

அவள் அசையவில்லை. கை மடியில் கிடந்தது, கண் அவர் மேலேயே இருந்தது, இமைகூட ஆடவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தார். போச்சு, இந்தச் சமயத்திலா என்று நினைத்தவர் நெட் பெட்டியின் விளக்கைப் பார்த்தார், சார்ஜர் வயரைத் தொட்டுப் பார்த்தார், திரையின் பின்பக்கத்தைத் தட்டக் கையைக் கொண்டுபோனார். பங்கஜவல்லி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கையை எடுங்க. எல்லாம் நல்லாத்தான் ஓடுது."

"அப்பறம் ஏன் அசையாம இருக்கா?"

"நல்லாப் பாருங்க."

பார்த்தார். மகளின் கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்காமலே அவள் இரண்டு கையையும் தூக்கி, ஒன்று சேர்த்து, கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தாள்.