ஏழு யாருடையது

என் ஒப்பந்தம் மூன்றாவது முறையாக முடியவிருந்தது. மலேசியாவில், சுங்கைப் பட்டாணிக்கும் குருணுக்கும் இடையில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் நடத்திக்கொண்டிருந்தேன். வேலை நிரந்தரமாக வேண்டுமானால் கற்பித்தல் பயிற்சிக்குப் போக வேண்டும், என் பாடத்தைப் புதிதாக வடிவமைக்க வேண்டும், அதை நான் நடத்துவதைப் பயிற்சியாளர் வந்து பார்த்து மதிப்பெண் போட வேண்டும். மனைவி இரண்டாவது குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தாள். மறுபேச்சில்லாமல் போனேன்.

பயிற்சி இரண்டு நாள். காலையில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு, பிறகு குழுவாகப் புகைப்படம், பிறகு கோப்பியும் கறிபாப்புப் பலகாரமும். இவற்றுக்கு நடுவே கிடைத்த நேரத்தில், விரிவுரையாளர் பேசப் பேச மாணவரின் சிந்தனை மழுங்கிவிடும் என்பதைப் பயிற்சியாளர் அம்மையார் மதிய உணவுவரை விடாமல் பேசி விளக்கினார். எங்களில் ஒருவரும் சிந்திக்கவில்லை. அவர் சொன்னது உண்மைதான்.

புது விதி இதுதான். ஒரு வகுப்பில் நான் பத்து நிமிடத்துக்கு மேல் பேசக்கூடாது. மீதி நேரம் மாணவர்கள் கேள்வி கேட்டு, குழுவாகக் கலந்து பேசிக் கற்க வேண்டும். அம்மையார் கடிகாரத்தோடு வருவார்.

என் மாணவர்களோ பெரும்பாலும் சுங்கை லாலாங் பக்கத்து ரப்பர், செம்பனைத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள். ஆசிரியரிடம் கேள்வி கேட்பது எதிர்த்துப் பேசுவதற்குச் சமம் என்று வளர்ந்த பிள்ளைகள். ஆகவே எட்டுக் கேள்விகளை நானே துண்டுச் சீட்டில் எழுதி எட்டுப் பேருக்குக் கொடுத்து, அம்மையார் வருவதற்கு முந்தின நாள் வகுப்பில் இரண்டு முறை ஒத்திகையும் பார்த்தேன். ஒத்திகைக்கு ஒரு பெண் மட்டும் வரவில்லை. அவளுக்குக் குருண் தொழிற்சாலையில் பகுதி நேர வேலை, அன்று அவளுடைய சிஃப்ட்.

அம்மையார் நுழைந்ததும் வகுப்பே எழுந்து நின்று, ஆரம்பப் பள்ளியில் பழகிய ராகத்தில் வணக்கம் சொன்னது. நான் சராசரி பற்றிய பாடத்தைத் தொடங்குவதற்குள் முதல் சீட்டுக்காரன் கையைத் தூக்கிவிட்டான். எட்டாவது பையன், “இம்முறையின் குறைபாடுகள் யாவை சார்?” என்று செய்தி வாசிப்பதுபோல் கேட்டான். அம்மையார் மகிழ்ச்சியோடு எழுதிக்கொண்டார். நான் பேசலாம் என்ற பத்து நிமிடத்தில் அரை நிமிடம்தான் பாக்கி.

அப்போதுதான் ஒத்திகைக்கு வராத பெண் பலகையைப் பார்த்தபடி கையை உயர்த்தினாள். பலகையில் நான்கு மாணவர்களின் மதிப்பெண்கள் இருந்தன: நான்கு, ஐந்து, ஒன்பது, பத்து. சராசரி ஏழு.

“சார், நாலு பேருல யாருமே ஏழு வாங்கலயே. அப்ப அந்த ஏழு யாரோடது?”

இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. மனம் துள்ளியது. பதில் சொல்ல ஐந்து நிமிடமாவது வேண்டும். அம்மையார் கடிகாரத்தைப் பார்த்தார்.

“நல்ல கேள்வி. குழுவுல கலந்து பேசுங்க,” என்றேன்.

அவள் தன் குழுவின் பக்கம் திரும்பினாள். குழு தன் கையிலிருந்த சீட்டைப் பார்த்தது.

‘கேள்வியை மாணவர்களிடமே திருப்பிவிட்ட பாங்கு மிகச் சிறப்பு’ என்று அம்மையார் எழுதி முழு மதிப்பெண் போட்டிருந்தார். நிரந்தரக் கடிதம் வந்த அன்று மனைவி கேசரி கிண்டினாள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

அடுத்த வகுப்பு முடிந்ததும் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு நிறுத்தினேன். இப்போது எந்தக் கடிகாரமும் இல்லை.

“அன்னைக்கி ஏழு யாரோடதுன்னு கேட்டியேம்மா. உட்காரு, சொல்றேன்.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“பரவால்ல சார், வேணாம். அன்னைக்கிக் கேட்டதெல்லாம் மேடத்துக்காகன்னு அப்புறமாத்தான் சொன்னாங்க. எனக்கு யாரும் சீட்டு குடுக்கல சார். தெரியாம நெசமாவே கேட்டுட்டேன். சோரி சார்.”